செபுவில் ஒரு பிறந்தநாள் பந்தி

வியாழன், மக்தான்

தம்பி மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் பிறந்தநாள். தம்பிக்குப் பிலிப்பைன்ஸின் செபு நகரத்து ஐ.டி. பார்க்கில் வேலை. கட்டிக்கொண்டதும் செபுப் பெண்ணைத்தான். பிலிப்பைன்ஸில் முதல் பிறந்தநாள் என்பது நம்மூர்க் காதுகுத்து அளவுக்கான விசேஷம். அம்மாவும் நானும் கிளம்பிவிட்டோம். மதுரைப் பக்கம் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துப் பிழைக்கிறவன் நான். அதனால் இந்தக் குறிப்புகளில் கடற்கரையும் அருவியும் அதிகம் இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது, சிங்கப்பூரில் மாறினோம். 2025 ஜூனிலிருந்து சுற்றுலாவுக்குப் போகும் இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். செபுவின் விமான நிலையம் பக்கத்து மக்தான் தீவில் இருக்கிறது. 2018-ல் திறந்த புது முனையத்தின் கூரை முழுக்க மர வளைவுகள். அதைக் கட்டிய கூட்டணியில் நம்மூர் ஜி.எம்.ஆர். நிறுவனமும் உண்டு என்று தம்பி சொன்னான். அம்மாவுக்கு அதில் அக்கறை இல்லை. "பேரன் எங்கடா?" என்றார்.

வெள்ளி, செபு நகரம்

காலையில் ஓட்டலுக்குப் போனோம். விருந்துக் கூடத்துக்குப் பொறுப்பான பெண் ஒரு ஃபைலை விரித்தார். ஏ, பி, சி என்று மூன்று வகை சாப்பாட்டுப் பட்டியல். ஏ என்றால் மூன்று கறி வகை, பி என்றால் நான்கு, சி என்றால் ஐந்தும் கூடவே ஒரு சூப்பும். சோறு, ஒரு காய், ஒரு பன்சித் நூடுல்ஸ், இரண்டு இனிப்பு, கேட்கக் கேட்க ஐஸ் டீ ஆகியவை எல்லாவற்றிலும் உண்டு. தம்பி பி-யை எடுத்திருந்தான். ஆளுக்கு ஆயிரம் பேசோவைத் தொட்டது. ஒரு பேசோ நம் பணத்தில் ஒன்றரை ரூபாய் சுமார். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தன. என்னவென்று கேட்டால், ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம், இன்னொன்று 12 சதவீத வாட். எல்லா ஊரிலும் சின்ன எழுத்தில்தான் பணம் இருக்கிறது.

'பேக்ஸ்' என்று அவர்கள் சொல்வது தலைக்கணக்கு. 80 பேக்ஸுக்குக் கேரன்டி. எழுபது பேர் வந்தாலும் எண்பதுக்குப் பணம், எண்பத்தைந்து பேர் வந்தால் கூடுதல் தட்டுக்குத் தனிப் பணம். நமக்கு இலைக் கணக்கு, இவர்களுக்குத் தட்டுக் கணக்கு. பந்தி முடிந்ததும் எச்சில் இலையை எண்ணி மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நிற்கிற எனக்கு இது சொந்த ஊர்போல இருந்தது. 85 பேருக்குச் சமைப்பீர்களா என்று கேட்டேன். ஐந்து சதவீதம் சேர்த்துத்தான் சமைப்போம் என்றார். அதுவும் நம் கணக்குத்தான்.

பட்டியலை வாசித்துப் பார்த்தேன். சிக்கன் கோர்டன் ப்ளூ (ஹாமும் சீஸும் வைத்துச் சுருட்டிப் பொரித்த கோழி), இனிப்புப் புளிப்பு சாஸில் மீன் துண்டு, பீஃப் கல்தெரேதா, லும்பியா என்ற பொரித்த சுருள், சாப்சூயி என்ற கலவைக் காய், பன்சித். கல்தெரேதா ஸ்பெயின்காரர்கள் விட்டுப்போன தக்காளிக் குழம்பு, லும்பியாவும் பன்சித்தும் சீன வியாபாரிகள் கொண்டுவந்தவை, கோர்டன் ப்ளூ எந்தக் கப்பலில் வந்ததோ தெரியாது. செபுவுக்கே உரியது ஒன்றுகூட அதில் இல்லை. கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அதையெல்லாம் வீட்டில்தான் சாப்பிடுகிறார்களே சார், இங்கே வந்தும் எதற்கு?" என்றார். நியாயம்தான். நம்மூர் நட்சத்திர ஓட்டல் வரவேற்பில் யார் கேப்பைக் களி கேட்கிறார்கள்?

அடுத்து லெச்சோன் பேச்சு. முழுப் பன்றியைக் கழியில் கோத்துச் சுட்டது. இது இல்லாமல் இங்கே எந்த விசேஷமும் இல்லை. ஓட்டலிலேயே வாங்கினால் விலை கூரையைப் பிய்க்கும். வெளியிலிருந்து கொண்டுவந்தால் 'கார்க்கேஜ்' கட்ட வேண்டும். பாட்டிலின் கார்க்கைத் திறக்க வாங்கும் கட்டணம் எப்படியோ பன்றிக்கும் வந்துவிட்டது. தம்பி மனைவி அந்தப் பெண்ணிடம் உள்ளூர் பாஷையான செபுவானோவில் ஐந்து நிமிடம் குழைந்து பேசினார். முடிவில் ஒரு லெச்சோனுக்கும் கேக்குக்கும் கட்டணம் தள்ளுபடி. ஒரு நிபந்தனை: வெளிச் சாப்பாட்டால் யாருக்காவது வயிறு கெட்டால் ஓட்டல் பொறுப்பில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து. வேறு எந்த வெளிச் சாப்பாடும் கூடாது. ஓலைச் சோறு 'பூசோ' கொண்டுவரலாமா என்று கேட்டதற்கு, "சோறு நாங்கள் தருகிறோமே" என்று முடித்துவிட்டார்.

மதியம் சம்பந்தி வீட்டில் சாப்பாடு. அம்மா வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டார். இதைத் தம்பி அத்தையிடம், அதாவது அவன் மாமியாரிடம், சொன்னபோது அவருக்கு ஒரே குஷி. அவர் கத்தோலிக்கர், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவருக்கும் இறைச்சி கிடையாது. வேலியோரம் இரண்டு முருங்கை நின்றது. அத்தை ஒரு கொத்தை ஒடித்துவந்து திண்ணையில் போட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, காம்பின் நுனியை இடது கையில் பிடித்து வலது கை இரண்டு விரலால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு இழுத்தார். இலையெல்லாம் முறத்தில். அத்தையும் அப்படித்தான் உருவினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. அரை மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கீரையில் செய்தது 'லாவ்-உய்'. தண்ணீரில் எலுமிச்சைப்புல்லை முடிச்சுப் போட்டுக் கொதிக்கவிட்டு, பரங்கிக்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், காராமணி, கொடிப்பசலை, கடைசியில் முருங்கைக்கீரை. எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை. வழக்கமாக ஒரு கருவாட்டைப் போடுவார்களாம், அம்மாவுக்காக விட்டுவிட்டார். அம்மா இரண்டு கிண்ணம் குடித்தார். "கொஞ்சம் சீரகம் போட்டா நல்லாருக்கும்" என்றது மட்டும் தமிழில்.

பெரிய வெள்ளியைப் பற்றி ஒரு பழைய கதை. 1521-ல் கடலோடி மகெல்லனோடு வந்த இத்தாலியர் பிகாஃபெட்டா, செபுவுக்கு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் லிமசாவாத் தீவில் ஒரு அரசனின் விருந்தாளியாக இருந்தார். அன்றைக்குப் பெரிய வெள்ளி. முன்னால் வைத்தது பன்றிக் கறி. வேறு வழியில்லாமல் சாப்பிட்டேன் என்று தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 500 வருடம் கழித்தும் இந்தத் தீவுகளில் பன்றியிடமிருந்து தப்புவது சிரமம்தான்.

சனி, கார்கார்

விடிந்ததும் கார்பன் மார்க்கெட். அங்கே 'பைனிதான்' என்ற காலைக் கடைகள் உண்டு. பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து பூத்தோ மாயாவும் சிக்வாத்தேவும் சாப்பிட்டோம். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்த்து வேகவைத்த கெட்டிப் பசை அரிசி, பக்கத்தில் வறுத்த கொக்கோவை அரைத்துத் தட்டிய வில்லையைக் கரைத்துக் காய்ச்சிய சாக்லேட், கூட ஒரு பழுத்த மாம்பழம். சாக்லேட்டைச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிட வேண்டும். பி பட்டியலில் இது இல்லாமல் போனது அந்த ஓட்டலுக்குத்தான் நஷ்டம்.

பிறகு தெற்கே சுமார் 40 கிலோமீட்டர், கார்கார் ஊருக்கு. லெச்சோனுக்குப் பேர்போன ஊர். நாளைய பன்றிக்கு முன்பணம் கட்டத்தான் போனோம், நான் அடுப்பைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டேன்.

நீளக் குழி. குழியின் இரண்டு ஓரத்திலும் கரி. பன்றிக்கு நேர் கீழே கரி இல்லை. அங்கே போட்டால் கொழுப்பு சொட்டி நெருப்பு பிடித்துத் தோல் கருகிவிடும். தடித்த மூங்கிலில் கோத்த பன்றியின் வயிற்றுக்குள் ஒரு கட்டு எலுமிச்சைப்புல், வெங்காயத்தாள், நசுக்கிய பூண்டு, உப்பு, மிளகு. வைத்துத் தைத்துவிடுகிறார்கள். ஒரு ஆள் பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார், இன்னொருவர் அவ்வப்போது தோலில் இளநீர் தடவினார். நடுத்தரப் பன்றிக்கு மூன்று நான்கு மணி நேரம். சுற்றுகிறவர் பன்றியைப் பார்க்கவே இல்லை, கரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்பட்டைப் பக்கமும் தொடைப் பக்கமும் கரியை அதிகம் தள்ளி, நடுவில் குறைத்தார். கனமான இடத்துக்குக் கனமான தீ. அந்த ஆளை நான் நாளைக்கே வேலைக்கு எடுத்துக்கொள்வேன்.

மார்க்கெட்டுக்குள் லெச்சோன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கிலோக் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். கடைக்காரம்மா முதலில் ஒரு துண்டு தோலைக் கையில் வைத்தார். ருசி பார்த்துவிட்டுப் போ, வாங்காவிட்டாலும் பரவாயில்லை என்ற தோரணை. வெண்பன்றிக் கறி எனக்குப் புதிதல்ல, ஆனால் இந்தத் தோல் வேறு. கண்ணாடி மெல்லிசு, உடைந்ததும் அடியில் உருகிய கொழுப்பு, அதற்கும் அடியில் எலுமிச்சைப்புல் வாசம். வெட்டி எடைபோட்டதும், வயிற்றுக்குள் ஊறிக்கிடந்த சாற்றை அகப்பையில் மொண்டு ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். மணிலாப் பக்கம் ஈரல் அரைத்த சாஸ் தொட்டுக்கொள்வார்கள். அதைச் செபுக்காரர்களிடம் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். உப்பும் வாசனையும் உள்ளேயே இருக்கும்போது சாஸ் எதற்கு என்பது வாதம். நான் செபுக் கட்சி.

பூசோவும் அங்கேதான். தென்னங்குருத்தைப் பின்னிய சின்னக் கூட்டுக்குள் அரிசியைப் போட்டு வேகவைத்துக் கொத்துக்கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கார்த்திகைக்கு நாம் செய்யும் பனையோலைக் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், இனிப்பில்லாமல். கத்தியால் குறுக்கே பிளந்து கொடுத்தார்கள். கூடவே கைக்குப் பிளாஸ்டிக் உறை. கையால் சாப்பிடத்தான், ஆனால் கை படாமல். அம்மா அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பன்றி விலை ஏன் இப்படி ஏறிப்போனது என்று கேட்டேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2019-ல் பிலிப்பைன்ஸுக்குள் வந்தது. செபு கொஞ்ச காலம் தப்பித்து நின்றது, 2023-ல் இதே கார்காரில் கண்டுபிடித்தார்கள். மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது, பன்றிகளைக் கூட்டமாகக் கொல்லும். கொல்லைப்புறத்தில் இரண்டு மூன்று வளர்த்தவர்களுக்குத்தான் பெரிய அடி. நாங்கள் பேசிய பன்றி பதினோராயிரம் பேசோ.

ஞாயிறு, பிறந்தநாள்

பதினொரு மணிக்கு விருந்து என்று அழைப்பில் இருந்தது. பதினொன்றுக்குக் கூடத்தில் நாங்களும் பலூன் கட்டுகிறவர்களும்தான். பன்னிரண்டுக்கு நிரம்பியது. அழைப்பு ஒருவருக்கு, வந்தது குடும்பம். 80 பேக்ஸ் என்னவாகும் என்று என் கண் கதவிலேயே இருந்தது.

லெச்சோன் வந்தது. இரண்டு பேர் மூங்கிலோடு தூக்கிவந்தார்கள். வாயில் ஆப்பிள், சுற்றிலும் வாழையிலை, முதுகிலிருந்து கால்வரை இருபக்கமும் பூசோக் கொத்துகள் மாலைபோலத் தொங்கின. எப்படியும் அறுபது இருக்கும். ஓட்டல் பெண் அத்தையைப் பார்த்தார். அத்தை, "அலங்காரம்" என்றார். அந்தப் பெண் தாளைப் பார்த்தார், பன்றியைப் பார்த்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிரார்த்தனை முடிந்ததும் மேசை எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் தட்டெடுக்காமல் பரிமாறும் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். தொழில் புத்தி. முதலில் சோறு, அடுத்து பன்சித், அடுத்து காய். மீனும் மாட்டுக்கறியும் கடைசியில். அந்த இடத்துக்கு வரும்போது தட்டில் இடமே இருக்காது. சோறு நீங்களே அள்ளிக்கொள்ளலாம், மீனுக்கும் கறிக்கும் இடுக்கி பிடித்த ஆள் நிற்கிறார், ஆளுக்கு இரண்டு துண்டு. நாம் என்ன செய்கிறோம்? இலையில் முதலில் சோற்றையும் சாம்பாரையும் போட்டு வயிற்றை நிரப்பிவிட்டுத்தான் வடை வாளியைத் திரும்பக் காட்டுகிறோம். எனக்கு இடுக்கிக்காரரைப் பார்த்துக் கண்ணடிக்கத் தோன்றியது.

அம்மாவுக்கு இன்று விரதமில்லை, ஆனால் பன்றி வேண்டாம் என்றார். இது நினைத்ததைவிடப் பெரிய வேலை. லும்பியாவுக்குள் பன்றிக் கொத்துக்கறி. சாப்சூயியில் காடை முட்டையோடு பன்றித் துண்டு. நல்லவேளை, தம்பி மனைவி முன்பே சொல்லிவைத்ததால் பன்சித்தில் கோழி மட்டும். பிறந்தநாளுக்குப் பன்சித் கட்டாயம், நூல் நீளம் ஆயுசு நீளம் என்று சீனர்களிடமிருந்து வந்த நம்பிக்கை. அம்மா முள்கரண்டியால் நூடுல்ஸை வெட்டப்போக, அத்தை பதறிக் கையைப் பிடித்துவிட்டார்.

பிள்ளைகளுக்குத் தனி மேசை. பொரித்த கோழி, குச்சியில் ஹாட்டாக், ஸ்பகெட்டி. இந்த ஊர் ஸ்பகெட்டி இனிக்கும். காரணம் வாழைப்பழ கெச்சப். தக்காளி கிடைக்காத காலத்தில் வாழைப்பழத்திலிருந்து கெச்சப் செய்யலாம் என்று காட்டியவர் மரியா ஓரோசா என்ற உணவு விஞ்ஞானி. இரண்டாம் உலகப் போரில், 1945 மணிலாச் சண்டையில் இறந்துபோனார். அவருடைய கெச்சப் இல்லாத பிள்ளைகள் பந்தி இந்நாட்டில் கிடையாது. எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பிள்ளைகள் இரண்டாவது முறை வரிசையில் நின்றார்கள்.

லெச்சோன் மேசையில் நடந்ததுதான் அசல் விருந்து. வெட்டுகிறவர் முதலில் கறியைத் தொடவே இல்லை. முதுகுத் தோலை நீளவாக்கில் கீறி, பலகைபோலக் கழற்றி, கத்திப் பிடியால் தட்டி உடைத்தார். டக் டக் என்ற சத்தம் கேட்டதும் பாதிக் கூடம் எழுந்துவிட்டது. மேசை எண்ணாவது ஒன்றாவது! ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் போனால் தோல் தொய்ந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். கோர்டன் ப்ளூ தட்டுக்கு எதிரே ஆளில்லை. ஐந்து நிமிடத்தில் பன்றி முதுகில்லாமல் நின்றது. பிறகுதான் விலாக் கறி, அதுவும் எலுமிச்சைப்புல் படிந்த அடிவயிற்றுப் பக்கத்துக்குத்தான் போட்டி. 'அலங்காரம்' எல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. பக்கத்தில் கோபுரமாக இருந்த ஓட்டல் சோறு அப்படியே இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு கோமாளி, மாயாஜாலம். கடைசியில் 'பபிதின்': மூங்கில் சட்டத்தில் பொம்மையும் மிட்டாயும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டு ஏற்றி இறக்குகிறார்கள், பிள்ளைகள் குதித்துப் பிடுங்க வேண்டும். என்னைக் 'கூயா' என்று கூப்பிட்டு, அதாவது அண்ணனென்று மரியாதை வைத்து, கயிறு இழுக்கச் சொன்னார்கள். பிறந்தநாள் நாயகன் இதெல்லாம் பார்க்காமல் என் அம்மா தோளில் தூங்கிவிட்டான்.

கணக்கு: வந்தது தொண்ணூற்றுச் சொச்சம் பேர். கூடுதல் தட்டுக்குப் பணம் கட்டினான் தம்பி. ஆனால் கல்தெரேதாவும் கோர்டன் ப்ளூவும் பாதித் தட்டு மிச்சம். கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டோம். பஃபே உணவை வெளியே கொடுப்பதில்லை என்பது ஓட்டல் விதி, பாதுகாப்புக் காரணம். அந்த விதியைக் குறை சொல்லமாட்டேன், மூன்று மணி நேரம் வெளியே நின்ற கறிக்கு நானும் உத்தரவாதம் தரமாட்டேன். பணம் கொடுத்தது நாம்தான், சாப்பாடு அவர்களுடையது. பன்றி மட்டும் எங்களுடையது, அதற்குத்தான் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருக்கிறோமே. அத்தைமார்கள் கைப்பைகளிலிருந்து பிளாஸ்டிக் பைகளும் காலி ஐஸ்கிரீம் டப்பாக்களும் வெளியே வந்தன. கால் ஒருவருக்கு, விலா ஒருவருக்கு. யாரும் கூச்சப்படவில்லை, யாரும் யாருக்கும் குறைத்துக் கொடுக்கவும் இல்லை. ஓட்டல் பையன்களுக்கும் இரண்டு பொட்டலம் போனது. தலையும் எலும்பும் எங்கள் வீட்டுக்கு.

திங்கள், கிளம்பும் நாள்

மீந்த லெச்சோனுக்கு மறுநாள் வேலை பக்சிவ். அத்தை செய்தார், நான் பக்கத்தில் நின்றேன். தலை, எலும்பு, தோல் எல்லாம் சட்டியில். வினிகர், சோயா, நசுக்கிய பூண்டு, முழு மிளகு, பிரிஞ்சி இலை, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, முங்கும் அளவு தண்ணீர். வினிகர் கொதித்து அடங்கும்வரை கரண்டி போடக்கூடாது, போட்டால் பச்சை வாடை நின்றுவிடும் என்று என் கையைத் தட்டிவிட்டார். தொய்ந்த தோல் ஜெல்லிபோல ஆகிறது. புளிப்பும் இனிப்புமாக, நேற்றைய கறியைவிட எனக்கு இதுதான் பிடித்தது. இதைச் சொன்னால் செபுவில் கட்சி மாறி என்பார்கள்.

விமான நிலையத்தில் மணிலா விமானத்துக்கு நிற்பவர்கள் கையில் லெச்சோன் பெட்டிகள். நன்றாக ஒட்டி, கயிறு கட்டி, ஏதோ கல்யாணச் சீர்போலத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் உலர்ந்த மாம்பழமும் கொக்கோ வில்லைகளும் வாங்கினோம். 'தங்கித்' என்ற மீனின் கருவாடு ஒரு கட்டு வாங்கலாம் என்றேன். நாலு மணி நேரம் அந்த வாடையோடு சிங்கப்பூர் வரைக்கும் வரமுடியாது என்று அம்மா சொல்லிவிட்டார். தம்பி அடுத்த முறை கப்பலில் அனுப்புகிறானாம்.